ஒட்டாத முன்சீட்டு

மாமா,

இன்று காலையில் நம் பேத்தி கௌசி வாசல் வெயிலில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. பிசைந்துகொண்டிருந்த மாவோடு ஓடிப்போய் அவள் கையிலிருந்த குப்பியைப் பிடுங்கிக் காப்பிச் செடிகளுக்குள் வீசினேன்.

"அம்மாயி, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா? கல்யாணத்துக்குப் போறதுக்குன்னு வாங்கியாந்தேன்!"

"வாசல்ல பூசாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு!"

"நீ ஒருதடவைகூடச் சொன்னதில்லை அம்மாயி."

அவள் சொன்னது சரி. அவளிடம் சொன்னதில்லை. அவளிடம் சொல்லி ஆகப்போவதும் இல்லை. அதனால் அவள் படித்து முடித்த நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் உங்களுக்கு எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து கோணிக்கொண்டுதான் போகும். ஆனால் எனக்கு மறதி கிடையாது. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

வருகிற பங்குனியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். உங்களைத் தூக்கின அன்றைக்கு ஊரே "நல்ல மனுசன்" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயம்.

அந்த வாசத்தை முதலில் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நம் பிள்ளை ராசு. ஏற்காட்டில் லாட்ஜ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானே, அங்கே தங்கிப்போன ஒரு குடும்பம் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு ஜீப்பு, துண்டு துண்டாக. கீரைக் காம்பில் இலை ஒட்டியிருப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கதவு, சக்கரம், ஸ்டீரிங், சீட்டு எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு விளையாட்டுச் சாமானா என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தீர்கள். சின்ன வயசில் சேலத்தில் டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்தவர் அல்லவா.

நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தான். நறுக்கின இடத்தில் நிற்கும் முள்ளை உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். பிறகு சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவி, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஈர்க்குச்சி முனையில் மாட்டி, வாழைத்தண்டில் வரிசையாகக் குத்தி நிறுத்தினான். நான் பலகாரம் சுட்ட கையோடு ஒன்றைத் தொட்டுவிட்டேன்.

"ஏம்மா! எண்ணெய்க் கையோட தொட்டா பெயிண்ட் நிக்காதும்மா. கையக் கழுவிப்போட்டு வா."

"போடா, பெரிய கப்பல் கட்டறான்."

"கப்பலில்லம்மா, நம்ம ஜீப்பு. அப்பன் ஜீப்பு."

நீங்கள் ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த நம் ஜீப்பின் நிறம் அவனுக்கு வேண்டும். பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு. கடைச் சிவப்பில் ஒரு சொட்டுக் கறுப்பும் ஒரு சொட்டு மஞ்சளும் விட்டு, ஒரு பழத்தைப் பறித்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே கலக்கினான். முன்பக்கத்து பானெட்டை மட்டும் அடித்தான். பனி மூட்டம் இறங்கினால் பெயிண்டின்மேல் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும் என்பதால் உச்சி வெயிலில் அடித்து, தூசி விழாமல் அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடினான். சாயங்காலம் கூடையைத் தூக்கினபோது அந்தச் சிவப்பில் அவன் முகம் தெரிந்தது. நான் பார்த்தேன். அதுதான் அந்தப் பெட்டியிலிருந்து அவன் முடித்த ஒரே துண்டு.

பெயிண்டை இளக்குகிற தின்னர் தீர்ந்துபோனது. கௌசியின் குப்பி வாசம்தான் அதற்கும். கார்த்திகை மாசத்தில் ஒருநாள் சேலம் போய்வந்தவன் ஒரு குப்பி வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏற்காட்டில் நம் ஜீப்பில் ஏறினான். நானும் பின்னால் இருந்தேன், ஆரஞ்சுக் கூடைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு. அவன் உங்கள் பக்கத்தில், இடதுகைப் பக்கத்து முன்சீட்டில். மணி மூன்றுகூட ஆகவில்லை, மூட்டம் இறங்கிவிட்டது. எஸ்டேட் கேட்டில் ரைட்டர் கை காட்டினார். ஆட்களுக்கு வேலை போடுகிறவர், யார் பேரை எழுதுவது யார் பேரை அடிப்பது என்று முடிவு செய்கிறவர். வெள்ளைச் சட்டை. ஜீப்பில் ஒரு கால் வைக்க இடமில்லை.

"ராசு, எறங்கி படில நின்னுக்க. ஐயா உக்காரட்டும்" என்றீர்கள்.

இறங்கினான். படியில் நின்று மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது வளைவில் மூட்டத்துக்குள்ளிருந்து பஸ் மூஞ்சி வந்தது. நீங்கள் இடது பக்கம் ஒடித்தீர்கள். இடது பக்கம் கல்சுவர்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. இரும்பு கல்லில் இழுபட்ட சத்தம், அதற்குள் வேறொரு சத்தம். ஜீப்பு நின்றபோது கூடைகள் சாய்ந்து ஆரஞ்சுகள் சரிவில் உருண்டுகொண்டிருந்தன. நான் ஆட்களை மிதித்துக்கொண்டு இறங்கினேன். சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். விழுவதற்கு இடமில்லை. சட்டைப் பையில் குப்பி நொறுங்கி, ரத்தமும் தின்னரும் ஒன்றாக வழிந்தன. அந்த வாசம் மூக்கில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. ரைட்டருக்கு ஒரு கீறல் இல்லை மாமா. சட்டையில் சிவப்புத் தெறித்திருந்தது, அவ்வளவுதான். அவரை என் பிள்ளையின் உடம்பு காப்பாற்றிவிட்டது.

ஸ்டேஷனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்.

"அவனாத்தானுங்க எறங்கி நின்னுக்கிட்டான்."

ரைட்டரும் அதையே சொன்னார். நான் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு கத்தினேன்.

"பொய்யிங்க! இவருதானுங்க எறங்கச் சொன்னாரு! எங்காதுல கேட்டனுங்க!"

"பெத்தவ பேசறா. யாராச்சும் தண்ணி குடுங்கப்பா" என்றார் அந்தப் போலீஸ்காரர்.

நீங்கள் அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். ஏதோ ஒரு சொல் வாய்க்குள் வந்து, பல்லில் பட்டுத் திரும்பிப்போன பார்வை. அதை நான் மறக்கவில்லை.

கேசு நடந்தது. லைசென்ஸ் போனது. ஜீப்பும் போனது. ராசு போன மூன்றாம் நாளே ரைட்டர் மாலையோடு வந்திருந்தார். விளக்குமாற்றை எடுத்து முகத்திலேயே அடித்தேன். மாலை நார் நாராகப் போனது. "ஐயோ, ஐயாவையா!" என்று உங்கள் அக்கா என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது. அடுத்த வாரம் எஸ்டேட்டில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். போகட்டும் என்று மிளகு பறிக்கவும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் போனேன். உங்கள் அக்கா அன்றோடு நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

எனக்கு உங்களிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "நாந்தான் எறங்கச் சொன்னேன்" என்று உங்கள் வாயால் நீங்கள் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொன்னால் போதும். அதற்காகத்தான் உங்களோடு ஒரே கூரைக்குள் இருந்தேன். இல்லாவிட்டால் மகள் வீட்டுக்கு எப்போதோ போயிருப்பேன்.

ஒருநாள் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்லச் சொல்றே?"

பித்தளைச் சொம்பை வீசினேன். உங்கள் முன்பல் சோற்றில் விழுந்தது. நீங்கள் அந்தப் பல்லை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தீர்கள். ரத்தத்தோடு. நீங்கள் என்னைத் திருப்பி அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நீங்கள் என்மேல் கை வைத்தது ஒரே ஒரு தடவை. ராசு போய் ஏழெட்டு வருஷம் கழித்து, பரணில் கிடந்த அந்தப் பெட்டியை இறக்கி, வாழைத்தண்டு வெட்டிவந்து, ஈர்க்குச்சி நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அன்றைக்கு. பக்கத்தில் ஒரு புதுத் தின்னர் குப்பி. மூடியைத் திறந்தீர்கள். வாசம் வந்தது. நான் வாழைத்தண்டோடு எல்லாவற்றையும் வாரி அடுப்பில் போட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி என்னைச் சுவரில் தள்ளிவிட்டு, வெறுங்கையை நெருப்புக்குள் விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்தீர்கள். வாழைத்தண்டின் ஈரம் அந்தத் துண்டுகளைக் காப்பாற்றிவிட்டது, உங்கள் கையைத்தான் காப்பாற்றவில்லை. கொப்புளம் வந்து தோல் உரிந்தது. நான் மருந்து போடவில்லை. வலிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை ஆறினதும் மறுபடியும் உட்கார்ந்தீர்கள். அவன் செய்த மாதிரியே செய்தீர்கள், அவனைவிடப் பொறுமையாக. பட்டறையில் பெரிய வண்டிக்குப் பார்ப்பதுபோல அந்தக் கட்டைவிரல் நீளக் கதவுக்கும் மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசினீர்கள். காய்ந்ததும் தேய்த்தீர்கள், தேய்த்ததும் கழுவினீர்கள். ஒரு பூச்சு அடித்து, காயவிட்டு, நைசு உப்புத்தாளால் நீவி, மறுபூச்சு அடித்தீர்கள். ஆனால் அந்தச் சிவப்பு மட்டும் உங்களுக்கு வரவேயில்லை. அவன் அடித்த பானெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உங்கள் சிவப்பு ஒரு நாள் இருட்டாக இருக்கும், ஒரு நாள் செங்கல்லாக இருக்கும். தின்னர் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பீர்கள். காப்பிப் பழக் காலம் வரும்வரைக்கும் காத்திருந்து ஒரு பழத்தைப் பறித்துவந்தும் பார்த்தீர்கள்.

"எத்தனை சொட்டு மஞ்சள் உட்டான்னு உனக்கு நாபகம் இருக்குதா?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரே சொட்டு. நான் சொல்லவில்லை.

"நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. நானும் சொல்றேன்" என்றேன்.

நீங்கள் தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

எனக்கு அந்தப் பளபளப்பு பொறுக்கவில்லை. மூன்று வருஷம் மாமா! மூன்று வருஷமாக ஒரு கீறல் இல்லாத ஜீப்பைச் செய்துகொண்டிருந்தீர்கள்.

"புதுசா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி பண்றீங்களே, ஏனுங்க?"

"அவன் அப்படித்தான் பண்ணோணும்னு இருந்தான்."

"அவன் செத்த ஜீப்பு இப்படியா இருந்துச்சு? எங்கீங்க நசுங்கின எடம்? எங்கீங்க சுவரு உரசின எடம்? அதையெல்லாம் பட்டி வெச்சு மூடிப்போட்டீங்களா?"

"உட்டுரு."

"உடமாட்டேன்."

நீங்கள் மாத்திரை வாங்க ஏற்காடு போன மத்தியானம், இரும்புக் கரண்டியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினேன். அந்த ஜீப்பில் எது இருக்க வேண்டுமோ அதை நானே வைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பாதி ஒட்டி நின்ற ஜீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அடித்த பானெட்டைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்போல இருந்ததால், அதன் மூஞ்சியை என்னைப் பார்க்கத் திருப்பினேன். என் இடதுகைப் பக்கத்தில் கரண்டியின் முதுகை வைத்து அழுத்தினேன். புகை வந்தது. மூன்று வருஷத்துப் பூச்சு பொங்கிக் கொப்புளித்தது, கீழே பிளாஸ்டிக் மெழுகாக இறங்கியது. கதவு, மட்கார்டு, படி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருண்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போதுதான் இது நம் ஜீப்பு என்று நினைத்தேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அதைத் தூக்கி, ஓட்டுகிறவர் பார்க்கிற மாதிரி திருப்பிப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இது எம்பக்கம், புள்ள" என்றீர்கள்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நான் அந்த ஜீப்புக்குள் உட்கார்ந்தே பழகினவள். அதற்கு எதிரில் நின்று இடது எது வலது எது என்று பார்த்தவள் இல்லை. என் பிள்ளை நின்ற பக்கம் துளி சேதமில்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டீரிங் இருந்த பக்கம் உருகிக் கிடந்தது.

நீங்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். உருகின இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

"செரியாத்தான் பண்ணியிருக்கறே. இந்தப் பக்கந்தான் போயிருக்கோணும்." ஜீப்பைத் தரையில் வைத்தீர்கள். "நாந்தான் புள்ள எறங்கச் சொன்னேன். நாந்தான்."

பதினொரு வருஷம். கரண்டியைப் போட்டுவிட்டு உங்கள் கன்னத்தில் அறைந்தேன். மூன்று தடவை. நீங்கள் கையைக்கூடத் தூக்கவில்லை. நாலாவதற்கு என் கை ஓங்கினபடியே நின்றுவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், உங்கள் விரல்களெல்லாம் பழைய சிவப்பு, நகக்கண்ணுக்குள்ளும் சிவப்பு. துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன்.

"மஞ்சள் ஒரே சொட்டுதானுங்க" என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு அந்த ஜீப்புக்கு நீங்கள் பெயிண்ட் தொடவில்லை. எது எது மிச்சமோ அதை மட்டும் ஒட்டினீர்கள். சக்கரத்தை ஒட்டினீர்கள், உங்கள் சீட்டை ஒட்டினீர்கள். கடைசியில் இடதுகைப் பக்கத்து முன்சீட்டு இருந்தது. கறுப்பு அடித்தது, பலாக்கொட்டையில் பாதி அளவு.

"இதையும் ஒட்டிரட்டுமா?"

"வேண்டாமுங்க."

என் உள்ளங்கையில் வைத்தீர்கள். சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். நாலு மாசத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன் மாமா. ஆனால் போன வாரம் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதினதும் பொய்யாகிவிடும்.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைக்கு வந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் நான் ஜன்னல் பக்கம். பக்கத்தில் என் பை. நடுவழியில் ரைட்டர் ஏறினார். கிழவராகிவிட்டார், கையில் தடி. வெள்ளைச் சட்டைதான். பஸ்ஸில் வேறு இடமில்லை.

"ஏனுங்கம்மா, பையை மடில வெச்சுக்கிட்டு ஐயாவுக்கு எடம் குடுங்க" என்றார் கண்டக்டர்.

"இந்த எடத்துக்கு ஆள் இருக்குதுங்க."

"ஆளு எங்கீங்க?"

"பைக்கு டிக்கெட் போட்டாச்சுங்களா பாட்டி?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள்.

"எம்பையன் எடம்" என்றேன். "இவுரு ஒருக்கா உக்காந்து பாத்துட்டாரு. போதும்."

சிரிப்பு நின்றது. ரைட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தடியைப் பிடுங்கி அடித்திருப்பேன்.

"நான் அன்னைக்கு எடமே கேக்கலீங்கம்மா. நின்னுக்கறேன்னுதான் சொன்னேன். மொதல்ல எறங்கச் சொன்னது நீங்கதானுங்க. பின்னாடி இருந்து. அதுக்கப்புறந்தான் அவரு சொன்னாரு."

ஆமாம் மாமா.

"சாமி, எறங்கி நில்லு கண்ணு. ரைட்டரய்யா நிக்கறாரு பாரு." என் குரல்தான். அந்த வருஷம் என் பேரை எஸ்டேட்டில் நிரந்தர ஆட்கள் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. எழுதுகிற கை அவருடையது. கூடைகளுக்கு நடுவிலிருந்து கழுத்தை நீட்டிச் சொன்னேன், அவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. நான் சொன்னதைத்தான் நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள்.

எனக்கு மறதி கிடையாது என்று மேலே எழுதினேனே. அது நிஜம். இதையும் மறக்கவில்லை. ஒரு நாளும் மறந்ததில்லை.

உங்களுக்கும் மறக்கவில்லை. ஸ்டேஷனில் பல்லில் பட்டுத் திரும்பிப்போன சொல் அதுதான். நான் அந்தப் பல்லையே உடைத்தேன், அப்போதும் அது வெளியே வரவில்லை. "அவனாத்தான் எறங்கினான்" என்று நீங்கள் சொன்ன பொய்க்குள் என்னையும் வைத்து மூடினீர்கள். ஜீப்பு உருகிக் கிடந்த அன்றைக்குக்கூட "நாந்தான்" என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள், இரண்டாவது தடவை எனக்கும் சேர்த்து. ஏன் மாமா? ஒரே ஒருதடவை என் மயிரைப் பிடித்து, "நீயுந்தானடி சொன்னே" என்று கேட்டிருக்கக் கூடாதா? என் பாதியையும் நீங்களே தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள்மேல் இருக்கிற கோபங்களிலேயே இதுதான் பெரியது. இதை மன்னிக்கமாட்டேன்.

பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நாந்தான் சொன்னேன். ஒருக்கா எடம் உடச் சொல்லிப்போட்டேன். இனிமே உடமாட்டேன்."

பையை நகர்த்தவில்லை. வளைவுக்கு வளைவு அந்த மனுஷன் கம்பியில் தொங்கிக்கொண்டே வந்தார். தடியால் படியைத் தடவித் தடவி இறங்கினார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

கௌசியின் குப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டேன். உடையவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பூசி முடித்துவிட்டு, அலமாரியில் இருக்கிற ஜீப்பைப் பார்த்தாள். அதில் அவன் சிவப்பு ஒரு மாதிரி, உங்கள் சிவப்பு ஒரு மாதிரி, நான் எரித்த பக்கம் ஒரு மாதிரி.

"அம்மாயி, அந்த ஒரு சீட்டை மட்டும் ரெண்டு பேரும் ஏன் உட்டுட்டீங்க? குடு, நான் ஒட்டித் தர்றேன்."

கொடுக்கவில்லை. சுருக்குப் பைக்குள் வெற்றிலையோடு கிடக்கிறது. கை போகும்போதெல்லாம் தடவித் தடவி அதன் கறுப்பு உதிர்ந்து, வெறும் பிளாஸ்டிக் தெரிகிறது. எண்ணெய்க் கையோடு தொட்டால் பெயிண்ட் நிற்காது என்று அவன் சொன்னது சரிதான். நான் கையைக் கழுவாமலேதான் தொடுகிறேன்.

இரண்டு பேர் சொல்லி அவன் விட்டுக்கொடுத்த இடம் இது. இதில் இனி யாரையும் உட்காரவிடமாட்டேன் மாமா. உங்களையும்தான், என்னையும்தான்.